ரெண்டாள் ஆழத்துக்கு ஒரு கேமரா

தண்ணிக்குள் கேமரா விடுவதெல்லாம் சினிமாக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் செய்கிற வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நடை சோமனூர் பக்கம் வந்துவிட்டுப் போகவேண்டும். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருத்தராவது தண்ணிக்குள் கேமரா விட்டுப் பார்த்தவர். எல்லாம் போர்வெல் உபயம்!

ஆயிரம் அடி ஓட்டிய போரில் மோட்டார் சிக்கிக்கொண்டது, அல்லது தண்ணி திடீரென்று நின்றுவிட்டது என்று வையுங்கள். "கேமரா விட்டுப் பாத்துருவோமுங்க" என்று ஒரு வேன் வந்து நிற்கும். சுற்றிலும் குட்டிக் குட்டி விளக்கு வைத்த ஒரு உருளையை வயரில் கட்டி இறக்குவார்கள். மேலே ஒரு சின்ன டி.வி. பெட்டியில் பாறை, வெடிப்பு, ஊத்து எல்லாம் ஓடும். ஓரத்தில் எத்தனை அடி என்று நம்பர் வேறு. தோட்டத்துக்காரர் முகத்தைப் பார்க்கவேண்டுமே... ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரூம் வாசலில் நிற்கிறவர் தோற்றார்!

ஆகவே, குடும்பத்தோடு அந்தமான் போவது என்று முடிவாகி, "கடலுக்குள்ள போட்டோ எடுக்கோணுமுங்க" என்று வீட்டம்மா ஆர்டர் போட்டதும், நான் முதலில் போனது கிராஸ்கட் ரோட்டு ஷோரூமுக்கு அல்ல. போர் கேமரா அண்ணனிடம்.

"எத்தன அடி எறக்கோணும்?" என்றார், முதல் கேள்வியாக.

"ரெண்டாள் ஆழம் இருக்குமுங்ணா."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஐந்நூறு அடி தண்ணிக்குள் விடுகிறவர். "முப்பத்து மூணு அடிக்கு ஒரு கிலோ அமுத்தும் தம்பி. என்ர கேமராவ பதினஞ்சு கிலோ அமுத்துது. உனக்கு அரைக் கிலோ கூட வராது. அரைக் கிலோவுக்கு எதுக்கு அம்பதாயிரம்?"

அவர் சொன்ன கிலோ, ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் விழுகிற அழுத்தம். கணக்கு சரிதான். பத்து மீட்டர் இறங்கினால் தலைமேல் இன்னொரு வாயுமண்டலம் ஏறி உட்கார்ந்த மாதிரி. கேமரா விளம்பரங்களில் 15 மீட்டர், 40 மீட்டர், 60 மீட்டர் என்று போட்டு விலையை ஏற்றுகிறார்களே, அதில் நமக்கு வேண்டியது எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுத் தொட்டிக்கு பத்து ஹெச்.பி. மோட்டார் வாங்குகிற கதை.

அதிலும் ஒரு சூட்சுமம். ஸ்கூபா டைவிங்கில் புதுசாக இறங்குகிறவர்களைப் பயிற்சியாளர் பின்னாலிருந்து பிடித்தபடிதான் கூட்டிப்போவார். முதல் தடவையே கையில் கேமராவோடு இறங்க பெரும்பாலும் விடமாட்டார்கள். அவர்களே படம் எடுத்து, அந்தக் காசுக்குள்ளேயே கார்டில் போட்டுக் கொடுக்கிற வழக்கமும் உண்டு. ஆக, நம் கேமராவுக்கு வேலை ஸ்நார்க்கெலிங்கில்தான். வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு குப்புற மிதக்கிறோமே, அதற்கு! ஒரு மீட்டர், மிஞ்சினால் ரெண்டு மீட்டர்.

"அப்ப போனே போதுமே, ஐபி 68 போட்டிருக்குதே" என்றான் ஆபீஸ் நண்பன். எல்லா ஆபீசிலும் இப்படி ஒருத்தன் உண்டு. அந்த 6 தூசிக்கு, 8 தண்ணிக்கு. அந்தத் தண்ணி, லேபில் வைத்த சலனமில்லாத நல்ல தண்ணி. உப்புத் தண்ணியும் அலையும் அந்தக் கணக்கில் சேராது. தண்ணி புகுந்து போன் செத்தால் வாரண்டி கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தவிர, தண்ணிக்குள் போனதும் தொடுதிரைக்குப் பைத்தியம் பிடிக்கும். நாம் ஒன்றைத் தொட, அது வேறொன்றைத் திறக்கும். கடலுக்கடியிலிருந்து மேனேஜருக்கு போன் போய்விட்டால் என்ன செய்வது?

முந்நூத்தம்பது ரூபாய்க்கு பிளாஸ்டிக் பை விற்கிறார்கள். போனை உள்ளே போட்டு கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். படகில் தெறிக்கிற தண்ணிக்கு அது போதும். இருபத்தைந்தாயிரம் ரூபாய் போனை முந்நூத்தம்பது ரூபாய் ஜிப்பை நம்பி கடலில் இறக்க, பி.காம். படித்தவன் மனசு ஒப்பவில்லை.

இந்தக் கேமரா சங்கதி ஒன்றும் நேற்றைக்கு வந்ததல்ல. 1893-லேயே லூயி பூத்தான் என்கிற பிரெஞ்சு விஞ்ஞானி, பெட்டி மாதிரி ஒரு கருவியோடு கடலுக்குள் இறங்கிப் படம் எடுத்திருக்கிறார். எழுபது வருஷம் கழித்து 1963-ல் நிகான் கம்பெனி 'நிகோனோஸ்' என்று ஒன்று விட்டது. தனிக் கூடு இல்லாமல் அப்படியே முக்கலாம். ஃபிலிம் தீர்ந்தால் கரைக்கு வந்து, துடைத்து, வேறு ரோல் மாட்டிக்கொண்டு மறுபடி இறங்கவேண்டும். மீன் அதுவரை காத்திருக்குமா என்ன?

இன்றைக்கு ஒலிம்பஸ் வழியில் வந்த டி.ஜி-7 மாதிரி கெட்டிக் கேமராக்கள் 15 மீட்டர் தாங்கும், அருமையான சாமான்தான். அரை லட்சத்தை ஒட்டி விலை. ஐந்து நாள் டூருக்கு வகுத்துப் பாருங்கள், நாளைக்குப் பத்தாயிரம்! ஐயாயிரத்துக்குள் கிடைக்கிற பேர் தெரியாத ஆக்ஷன் கேமராக்கள் கூட்டோடு வந்தாலும், வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் மீனும் பாசியும் ஒன்றாகத் தெரிகிறது. நான் வாங்கியது பழசு. கோப்ரோவில் 2016-ல் வந்த மாடல். கூடு இல்லாமலே 10 மீட்டர் தாங்கும் என்று அவர்கள் விட்ட ஹீரோ 5. திருப்பூரில் ஒரு கல்யாண வீடியோக்காரரிடம், தனிக் கூட்டோடு சேர்த்து ஏழாயிரம் ரூபாய்.

பழைய கேமராவில் பயம் ஒன்றே ஒன்றுதான். கதவுகளில் இருக்கிற ரப்பர் காய்ந்திருக்கும். தலைமுடி ஒன்று, மணல் துகள் ஒன்று அதில் மாட்டினால்கூடப் போச்சு. அதனால்தான் கூட்டையும் சேர்த்து வாங்கினேன். "மொதல்ல கேமராவ எடுத்துட்டு வெறுங்கூட்ட எறக்கிப் பாரு" என்றார் போர் அண்ணன்.

இங்கேதான் அப்பா நுழைந்தார். முப்பத்தைந்து வருஷம் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது பாதிக்கு மேல் போய்விட்டது. "நீங்களும் வாங்கப்பா" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. "ஏரோப்ளேன்ல சும்மா குக்கீட்டிருக்கற நேரத்துல நாலு பாவு புனைச்சிருவேன், போடா" என்பார். ஆனால் கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியில என்ன இருக்குதுன்னு எனக்குக் காட்டோணும், கண்ணு" என்றார். இந்த வயசில் அவர் என்னிடம் இது வேணும் என்று கேட்டது எனக்கு ஞாபகமில்லை.

மாமா தோட்டத்துக் கிணற்றில் அந்த மழைக்கு நல்ல தண்ணி. கூட்டுக்குள் ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து மூடி, அம்மிக் குழவியோடு சேர்த்துக் கயிற்றில் கட்டினோம். கட்டியது அப்பா. தறிக்காரர் முடிச்சு அவிழுமா? முப்பது அடி இறக்கி அரை மணி நேரம் காத்திருந்தோம். அந்தக் காலத்தில் கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்க முங்கும்போது தண்ணிக்குள் கண்ணைத் திறந்து பார்த்ததையெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் தெரியாது. பச்சையா இருக்கும். அவ்வளவுதான்." மேலே தூக்கிப் பிரித்தால், பேப்பர் மொறமொறவென்று இருந்தது. அப்பா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாஸ் போட்டார்.

அந்தமான் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்னால் தென்னை மரமும் கலங்கரை விளக்கமும் இருக்குமே, அதே இடத்தை நேரில் பார்த்து, பர்ஸில் நோட்டைத் தேடாத தமிழன் கிடையாது. ஹேவ்லாக் தீவுக்கு 2018-லிருந்து பெயர் ஸ்வராஜ் த்வீப். அங்கே எலிபெண்ட் பீச்சில் குப்புற மிதந்தேன்.

தண்ணிக்குள் மீன் நிஜத்தைவிடக் கால் பங்கு கிட்டத்திலும், மூன்றில் ஒரு பங்கு பெரிசாகவும் தெரியும். 'இதோ பக்கத்தில்தானே' என்று தூரத்திலிருந்து எடுத்தால், படத்தில் நீலப் பொடி மட்டும்தான் இருக்கும். ஒரு கை தூரத்துக்கு மெதுவாகப் போய் எடுக்கவேண்டும். அதற்காகப் பவளப்பாறையில் கால் ஊன்றக் கூடாது. அது கல் அல்ல, உயிர். ஞாபகார்த்தமாக ஒரு துண்டு எடுத்து வந்தால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போகவேண்டி வரும். கேமராவில் ஒரு ஆரஞ்சு மிதவை கட்டியிருந்தேன், நூற்றைம்பது ரூபாய். அது இல்லாமல் கை நழுவினால் கேமரா நேரே கீழேதான். தினமும் ராத்திரி ரூமில் ஒரு பக்கெட் நல்ல தண்ணியில் ஊறப்போட்டேன். உப்பு காய்ந்தால் ரப்பரும் பட்டனும் கெட்டுவிடும்.

ஊர் திரும்பிய அன்றே அப்பா டி.வி. முன்னால் சேர் போட்டு உட்கார்ந்துவிட்டார். கிளிமீன் ஒன்று பாறையைக் கடிக்கிற வீடியோ. பையன் ரிமோட்டை எடுத்து வால்யூமை ஏற்றப் போனான்.

"ஏத்தி என்ன ஆகப்போவுது? உங்களுக்கும் ஒண்ணும் கேக்காதல்ல, தண்ணிக்குள்ள?" என்றார் அப்பா. அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்!

அடுத்து டைவிங்காரர்கள் எட்டு மீட்டரில் எடுத்துக் கொடுத்த படம். என் மனைவி மீன் கூட்டத்துக்கு நடுவில் கை நீட்டுகிறாள். அப்பா சேரை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டார்.

"நிறுத்து. கையில என்ன அது, கறுப்புக் கயிறு?"

"சிவப்புங்க மாமா. மாரியாத்தா கோயில் கயிறு" என்றாள் அவள்.

கடலுக்குள் முதலில் காணாமல் போவது சிவப்புதான். ஐந்து மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். நீலம்தான் ஆழம் வரை போகும். விளக்கு இல்லாமல் எடுத்தால் எந்த விலைக் கேமராவிலும் இதே கதி. இதையெல்லாம் நான் கத்திச் சொல்ல, அப்பா தலையை ஆட்டிக்கொண்டே மருமகளைக் கிட்டே கூப்பிட்டார். கயிற்று நுனியை எச்சில் தொட்டு, வெள்ளை வேட்டியில் ஒரு தேய் தேய்த்துப் பார்த்தார்.

"சாயம் நல்ல சாயந்தான்" என்றவர், பையன் பக்கம் திரும்பினார். "அந்தக் கிளிமீன இன்னொருக்கா போடு, சாமி."