ஸ்பான்சர் தேவையா? ஆம் / இல்லை

வெளிநாட்டு ஆராய்ச்சி வேலைக்கு ஒரு தடவையாவது விண்ணப்பம் போட்டவர்களுக்கு இது தெரியும். பெயர், படிப்பு, வெளியான ஆய்வுக் கட்டுரைகள், சிபாரிசுக் கடிதம் தரப்போகும் மூன்று பேர் என்று எல்லாவற்றையும் நிரப்பி முடித்து "அப்பாடா" என்று நிமிரும்போது கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கேள்வி காத்திருக்கும். "உங்களுக்கு இப்போதோ பிற்காலத்திலோ விசா ஸ்பான்சர் தேவைப்படுமா?" கீழே ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். எங்கள் லேபில் மூத்தவரான அண்ணன் ஒருவர் கடந்த எட்டு மாதத்தில் 67 தடவை "ஆம்" வட்டத்தை அழுத்தியிருக்கிறார். எண்ணிக்கை இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், அந்த எக்ஸெல் ஷீட்டைப் பராமரிப்பது அடியேன்தான்.

அண்ணனைப் பற்றி இரண்டு வரி. வயது 42. காசநோய்க் கிருமியின் மருந்து எதிர்ப்புதான் அவருடைய துறை. டாக்டரேட் முடித்து, அமெரிக்காவில் நாலு வருஷம் ஜே-1 விசாவில் போஸ்ட்டாக் செய்து, 2017-இல் திரும்பி வந்தவர். வந்ததிலிருந்து ஒரு ப்ராஜெக்ட் முடிந்தால் அடுத்த ப்ராஜெக்ட் என்று ஒப்பந்த வேலைதான். இப்போதைய ப்ராஜெக்ட் வருகிற மார்ச்சில் முடிகிறது. அதற்குப் பிறகு என்ன என்று அவருக்கும் தெரியாது, அவரை நம்பி லேபில் காலம் தள்ளும் எங்களுக்கும் தெரியாது.

என் வகுப்பு நண்பர்கள் சிலர், "போஸ்ட்டாக் வேலையே ஸ்பான்சரோடு சுலபமாகக் கிடைக்கிறதே, இவ்வளவு அனுபவம் உள்ளவருக்கு ஏன் கிடைக்காது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கு தலைகீழ். போஸ்ட்டாக் என்பவர் ஒரு பேராசிரியரின் மானியப் பணத்தில் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்க்கப் போகிறவர். அந்தப் பேராசிரியர் ஒருவர் "சரி" என்றால் போதும், விசாக் காகிதம் தானாக நகரும். மூத்த விஞ்ஞானி, குழுத் தலைவர் என்கிற வேலைகளுக்கு ஒரு கமிட்டியே உட்கார்ந்திருக்கும். சம்பளம் நிறுவனத்தின் சொந்தப் பையிலிருந்து போகவேண்டும். அதோடு, "வரும்போது என்ன மானியம் கொண்டு வருவீர்கள்?" என்றும் கேட்பார்கள். இங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் இளம் ஆராய்ச்சியாளர்களைத் தூக்கிவிடும் என்.ஐ.எச். விருதுகளில் பெரும்பாலானவை குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும்தான். வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கும் முக்கியமான விதிவிலக்கு கே99. அதற்கும் போஸ்ட்டாக் அனுபவம் நாலு வருஷத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. அதாவது அனுபவம் கூடக்கூடக் கதவு சாத்திக்கொள்ளும்!

என் சொந்த ஊர் தோணிரேவு. பழவேற்காடு ஏரிக்கரை. பொன்னேரி வரை ரயிலில் வந்து பஸ் பிடிக்கவேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் வீட்டு வாசலில் நின்றே பார்க்கலாம் என்பதைத் தவிரப் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன். போன பொங்கலுக்குப் போனபோது நைனாவிடம் இந்த எச்-1பி குலுக்கல் விவகாரத்தை விளக்க முயன்றேன். வருஷத்துக்கு 65,000 பேர், அமெரிக்காவிலேயே முதுகலை படித்தவர்கள் என்றால் இன்னும் 20,000 பேர், அதற்கு மேல் ஆள் வந்தால் சீட்டுக் குலுக்கல் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "பாடு மாதிரின்னு சொல்லு" என்றார்.

அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களில் யார் வேண்டுமானாலும் போய் வலை கட்டிவிட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். சண்டை வராமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சீட்டில் பெயர் எழுதவே குறிப்பிட்ட சில ஊரில், குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்து, கல்யாணமான ஆணாகவும் இருக்கவேண்டும். மற்றவர்களுக்கு மிச்ச இடம்தான். எவ்வளவு கெட்டிக்காரத் தொழில்காரன் என்றாலும் அவ்வளவுதான். குலுக்கல் நியாயமானதா என்று உள்ளே இருப்பவர்கள் பேசிக்கொள்ளலாம். வெளியே நிற்பவனுக்கு, சீட்டில் பெயர் எழுத விடுவார்களா என்பதுதான் கேள்வி.

ஆராய்ச்சிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நல்ல செய்தி இதில் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த லாப நோக்கமற்ற நிறுவனங்கள், லாப நோக்கமற்ற ஆராய்ச்சி நிறுவனங்கள், அரசு ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றுக்கு இந்த எண்ணிக்கை வரம்பும் கிடையாது, குலுக்கலும் கிடையாது. வருஷத்தில் எந்த மாதமும் விண்ணப்பிக்கலாம். மருந்துக் கம்பெனி என்றால்தான் குலுக்கல். இதைத் தெரிந்ததும் நாங்கள் ஷீட்டில் கம்பெனிகளைத் தனியே பிரித்துவிட்டுப் பல்கலைக்கழகங்கள் பக்கம் சாய்ந்தோம். ஆனால் 2025 செப்டம்பரில் ஒரு பிரகடனம் வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஆளுக்குப் புதிதாக எச்-1பி கேட்டால் நிறுவனம் 1,00,000 டாலர் கட்டவேண்டும் என்று. வரம்பிலிருந்து விலக்குப் பெற்ற பல்கலைக்கழகங்களும் இதற்குத் தப்பவில்லை. அதே வருஷம் என்.ஐ.எச். மானியங்கள் பல பாதியில் நிறுத்தப்பட்டன. காசநோய் ஆராய்ச்சிக்கு ஒரு ஆளை எடுக்க எந்தத் துறைத் தலைவர் லட்சம் டாலர் தருவார்? ஷீட்டில் அமெரிக்க வரிகளுக்குச் சாம்பல் நிறம் பூசினேன். மொத்தம் 31 வரிகள்.

எப்போதும் இப்படித்தானா என்று யோசித்தபோது எல்லாப்ரகட சுப்பாராவ் நினைவுக்கு வந்தார். 1895-இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்திக்கொண்டு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதில் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். மட்டும் கிடைத்தது. 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு மருத்துவ வேலை கிடைக்காததால் ஒரு மருத்துவமனையில் இரவு நேர ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே படித்தார். பயோகெமிஸ்ட்ரிக்காரர்கள் பிராக்டிகலில் செய்யும் ஃபிஸ்கே-சுப்பாராவ் பாஸ்பரஸ் முறையில் இருக்கும் சுப்பாராவ் இவர்தான், அது 1925. அப்படியும் ஹார்வர்டில் நிரந்தர வேலை தரவில்லை. 1940-இல் லெடர்லே என்கிற மருந்துக் கம்பெனிக்குப் போனார். ஃபோலிக் அமிலம், புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட், யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. எல்லாம் அங்கே அவர் வழிநடத்திய ஆராய்ச்சியில் வந்தவை. நம் கடலோர மாவட்டங்களில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து, கண்ணெதிரே விழுங்கச் சொல்லிக் கொடுத்தார்களே, அந்த மாத்திரைதான் டி.இ.சி.

அவர் அமெரிக்காவில் இருந்த காலத்தின் பெரும்பகுதியில் இந்தியர்கள் அங்கே குடியுரிமை பெறவே முடியாது. 1923-இல் உச்சநீதிமன்றமே அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1946-இல்தான் சட்டம் மாறியது. அப்போதும் இந்தியாவுக்கு ஒதுக்கிய இடம் வருஷத்துக்கு 100. சுப்பாராவ் 1948-இல் இறந்துபோனார். கப்பல் ஏறும்போது சென்னையில் விட்டுவந்த மனைவியை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. அண்ணனிடம் இந்தக் கதையை உற்சாகமூட்டத்தான் சொன்னேன். அவர் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, "நல்ல ஆளைத்தான்டா உதாரணம் காட்டின" என்றார். :-)

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் கதை இதைவிடப் பரவாயில்லை. நோபல் பரிசு 2009-இல். அதற்குப் பல வருஷம் முன்னால், போஸ்ட்டாக் முடித்த கையோடு சுமார் 50 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டு ஒரு இடத்திலிருந்தும் நேர்முகத்துக்குக்கூட அழைப்பு வரவில்லை. ஆக, 67 ஒன்றும் கேவலமான எண் இல்லை.

பிரிட்டன் பக்கம் வருவோம். அங்கே ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை அரசாங்கமே இணையத்தில் வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். "ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், இவ்வளவு லட்சம் கொடு" என்று வருகிற ஏஜென்ட்டுகளிடம் மாட்டுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒரு நிமிஷம் பாருங்கள். உண்மையான ஆராய்ச்சி நிறுவனம் எதுவும் சான்றிதழுக்கு விலை பேசாது. இன்னொரு வழி 2020-இல் வந்த குளோபல் டேலன்ட் விசா. ராயல் சொசைட்டி மாதிரியான அமைப்பு ஒன்று "இவர் தேவலை" என்று ஒப்புதல் கொடுத்தால் போதும், முதலாளி ஸ்பான்சர் செய்யவேண்டியதில்லை. வேலை போனாலும் விசா கூடவே போகாது. மூத்தவர்களுக்கு இதுதான் சரியான வழி என்பது என் தாழ்மையான கருத்து. அந்தக் கேள்வியில் "இல்லை" வட்டத்தை அழுத்தலாமே!

ஆனால் காசு? 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவருக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776 பவுண்டு என்று மருத்துவக் கட்டணம். மொத்தக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்டவேண்டும். அண்ணன், அண்ணி, ஐந்தாவது படிக்கும் பெண், ஐந்து வருஷம் என்று போட்டுப் பாருங்கள். 14,230 பவுண்டு. விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்னாலேயே 15 லட்சம் ரூபாய்க்கு மேல். சில நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன, சில பாதி தருகின்றன, சில அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. நேர்முகத்தில் இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்பார் அண்ணன். ஏன் சங்கடம் என்று எனக்குப் புரியவில்லை.

(ஒரு தகவல். டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்துகொண்டு, துணியோடு துணியாக ஆட்களையும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அந்தப் பயணத்துக்கு யாரும் விசா கேட்கவில்லை. 1956-இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கியபோது பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் இங்கே வந்து தலைமை தாங்கினார். காசநோய்க்காரரை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கே காட்டிய ஆய்வு அது. ஆராய்ச்சிக்காக இங்கிருந்து அங்கே போவது மட்டும்தான் வழக்கம் என்று நினைக்கவேண்டாம்.)

கடைசியில் பதில் வந்தது ஜெர்மனியிலிருந்து. குழுத் தலைவர் வேலை, ஐந்து வருஷம், இரண்டு மாணவர்களுக்குச் சம்பளம், சொந்த லேப். ஆராய்ச்சியாளர்களுக்கென்றே தனி விசா இருக்கிறது, நிறுவனம் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தால் வேலை எளிது. மனைவியும் வந்த நாளிலிருந்தே வேலை பார்க்கலாம். எல்லாம் சரி, ஐந்து வருஷம் முடிந்தால்? டாக்டரேட்டுக்குப் பிறகு இத்தனை வருஷம்தான் தற்காலிக ஒப்பந்தம் தரலாம் என்று அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. அதன் பிறகு நிரந்தரம் அல்லது வெளியே. 47 வயதில் மறுபடி ஷீட் திறக்கவேண்டி வரலாம்.

இதற்கிடையில் எங்களை அதிகம் படுத்தியது சட்டமோ பணமோ இல்லை, இனிஷியல்! தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை உலகம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அண்ணனின் பழைய பாஸ்போர்ட்டில் பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில் இருந்தது, மற்றது காலி. அதனால் அமெரிக்க விசாவில் அவருடைய முதல் பெயர் "எஃப்.என்.யூ." என்று வந்தது. அதற்கு அர்த்தம் "முதல் பெயர் தெரியவில்லை" என்பது. நாலு வருஷம் அங்கே வங்கியிலும் மருத்துவமனையிலும் அவரை "மிஸ்டர் ஃபனு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். புதிய பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டார். இப்போது அண்ணனுக்கு அவர் அப்பா பெயர், அண்ணிக்கு அவர் அப்பா பெயர், பெண்ணுக்கு அண்ணன் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பம்! ஆய்வுக் கட்டுரைகளிலும் அவர் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. தேர்வுக் குழுவில் ஒருவர், "இந்த 2014 கட்டுரை உங்களுடையதுதானா?" என்றே கேட்டுவிட்டார். வகுப்பு நண்பர்களே, முதல் கட்டுரை போடுவதற்கு முன்பே பெயரை ஒரே மாதிரி முடிவு செய்து ஆர்க்கிட் எண் வாங்கிவிடுங்கள். நான் வாங்கிவிட்டேன்.

அண்ணி அரசுப் பள்ளி ஆசிரியை. பதினாலு வருஷ சர்வீஸ். "அங்க போய் நானும் வேலை பாக்கலாம்னு சட்டம் சொல்லுது. ஜெர்மன்ல பாடம் எடுக்க எனக்கு யாரு சொல்லித் தருவா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார், அண்ணனைப் பார்த்து இல்லை. சம்பளமில்லா விடுப்பு எவ்வளவு காலம் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். நைனாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அஞ்சு வருசம் கழிச்சு இங்க அவர் எடம் அப்படியே இருக்குமா?" இங்கே அவருக்கு இடமே இல்லை நைனா என்றேன். அவர் நம்பவில்லை. இவ்வளவு படித்தவருக்கு எப்படி இல்லாமல் போகும் என்கிறார்.

சம்மதமா இல்லையா என்று சொல்லக் கடைசி நாள் இந்த மாதம் 28. நேற்று அண்ணி சனி, ஞாயிறு நடக்கும் ஜெர்மன் வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறார். விடுப்பு விண்ணப்பத்தை இன்னும் எழுதவில்லை.