எறிந்துவிட்டு ஓடியவர்கள்

பண்டைய கிரேக்கப் போர் என்றால் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது 2007-ல் தியேட்டர்களுக்கு வந்த '300' படம்தான். வட்டக் கேடயம், நீண்ட ஈட்டி, தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசை. இப்படி நின்று சண்டை போட்டவர்களுக்கு ஹாப்லைட் என்று பெயர். ஆனால் அதே போர்க்களங்களில் கவசம் இல்லாமல், கல்லும் கவணும் எறியீட்டியும் வைத்துக்கொண்டு இன்னொரு பெரிய கூட்டம் இருந்தது. அவர்களைப் பற்றிப் படம் எதுவும் வரவில்லை. அந்தக் காலத்து வரலாற்று ஆசிரியர்களும் அதிகம் எழுதவில்லை.

காரணம் பணம். கிரேக்க நகரங்களில் பெரும்பாலும் வீரன் தன் ஆயுதத்தைத் தானே வாங்க வேண்டும். வெண்கலத் தலைக்கவசம், சுமார் 7 கிலோ எடையுள்ள கேடயம், ஈட்டி, வாள் என்று எல்லாம் வாங்க ஓரளவு வசதி வேண்டும். வாங்க முடியாதவன்? கல்லைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்! ஆக, படையில் ஒருவனுடைய இடத்தை முடிவு செய்தது அவன் சொத்து. மரியாதையும் அதே கணக்கில்தான். வரிசையில் நின்று குத்துபவன் வீரன், தூரத்திலிருந்து எறிந்துவிட்டு ஓடுபவன் கோழை.

எண்ணிக்கையைப் பாருங்கள். கி.மு. 479-ல் பிளாட்டேயாவில் பாரசீகர்களை எதிர்த்து ஸ்பார்ட்டா குடிமக்கள் 5,000 பேர் நின்றார்கள். ஒவ்வொருவருடனும் 7 ஹெலட்டுகள், மொத்தம் 35,000 பேர் என்கிறார் ஹெரோடோட்டஸ். ஹெலட்டுகள் என்றால் ஸ்பார்ட்டா அடிமைப்படுத்தி வைத்திருந்த மக்கள். களத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று அவர் விவரமாகச் சொல்வதில்லை. கி.மு. 424-ல் நடந்த டீலியம் போரிலும் இதே கதைதான். பியோஷியப் படையில் ஹாப்லைட்டுகள் 7,000, இலகு ஆயுதக்காரர்கள் 10,000-க்கும் மேல் என்று துசிடிடீஸ் எழுதுகிறார். ஆனால் போர் வர்ணனையில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

இந்தக் 'கோழைகள்' என்ன செய்வார்கள் என்பதை ஏதென்ஸ் அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டது. கி.மு. 426-ல் தளபதி டெமோஸ்தனிஸ் (புகழ்பெற்ற பேச்சாளர் வேறு, இவர் வேறு) ஏட்டோலியா மலைப்பகுதிக்குள் படையோடு நுழைந்தார். உள்ளூர்க்காரர்கள் மலையிலிருந்து ஓடி வந்து ஈட்டி எறிந்தார்கள். ஏதென்ஸ் முன்னேறினால் பின்வாங்கினார்கள், ஏதென்ஸ் பின்வாங்கினால் துரத்தினார்கள். கவசத்தைச் சுமந்துகொண்டு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. ஏதென்ஸ் ஹாப்லைட்டுகள் சுமார் 120 பேர் செத்தார்கள்.

அடுத்த வருடமே டெமோஸ்தனிஸ் அந்தப் பாடத்தை ஸ்பார்ட்டாவுக்கு எடுத்தார். ஸ்பேக்டீரியா தீவில் ஸ்பார்ட்டா அனுப்பிய 420 ஹாப்லைட்டுகள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஏதென்ஸ் 800 வில்லாளிகளையும், 800 பெல்டாஸ்டுகளையும், 70-க்கும் மேற்பட்ட கப்பல்களின் துடுப்புக்காரர்களில் பெரும்பாலோரையும் இறக்கியது. பெல்டாஸ்ட் என்பது திரேஸ் நாட்டுப் பாணி. சின்னதாக, லேசாக ஒரு கேடயம், கையில் எறியீட்டிகள், அவ்வளவுதான். ஏதென்ஸிடமும் 800 ஹாப்லைட்டுகள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கிட்டே போய் மோதவே இல்லை. நான்கு பக்கமும் அம்பும் கல்லும் பறந்தன.

கடைசியில் ஸ்பார்ட்டாக்காரர்கள் தீவின் முனையில் ஒரு கோட்டைக்குள் ஒதுங்கினார்கள். மெஸ்ஸீனியர்களின் தளபதி ஒருவர் இலகு வீரர்கள் கொஞ்சம் பேரோடு செங்குத்துப் பாறையைப் பிடித்து ஏறி, பின்பக்கம் போய் நின்றார். மெஸ்ஸீனியர்கள் யார் தெரியுமா? ஹெலட்டுகளாக இருந்து, கிளர்ச்சி செய்து, ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள்! அந்தத் தளபதியின் பெயரைக்கூட துசிடிடீஸ் எழுதவில்லை.

292 பேர் உயிரோடு சரணடைந்தார்கள். கிரீஸே நம்பவில்லை. செத்தவர்கள்தான் உண்மையான வீரர்களா என்று ஒருவன் கைதியைச் சீண்டினானாம். நல்லவன் யார் என்று பார்த்துக் கொல்லும் அம்பு இருந்தால் அது விலை மதிப்பற்றதாக இருக்கும் என்ற பொருளில் கைதி பதில் சொன்னானாம். தோற்ற பிறகும் தன்னை வென்றவனை மதிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

இவர்களால் எங்கும் எப்போதும் ஜெயிக்க முடியும் என்று அர்த்தமில்லை. சமவெளியில் குதிரைப்படையிடம் மாட்டினால் கதை முடிந்தது. கி.மு. 390-ல் லெக்கேயம் அருகே இஃபிகிரட்டீஸின் பெல்டாஸ்டுகள் சுமார் 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டா பிரிவில் 250 பேரைக் கொன்றபோதும், பக்கத்தில் ஏதென்ஸ் ஹாப்லைட்டுகள் துணைக்கு நின்றார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் படை. ஆனால் புகழ் மட்டும் ஒரு பக்கமே போனது.

கவணில் வைத்து எறிந்த ஈயக் குண்டுகள் இன்று மியூசியங்களில் இருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒன்றில் கிரேக்க எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: "பிடி!" எறிந்தவன் பெயர் அதில் இல்லை. ஆனால் அவனுக்கு நக்கல் நிறைய இருந்திருக்கிறது.