விசிறியின் ஓசையும் காற்றின் அளவும்

ஓசையைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. வண்டு ரீங்கரிக்கும், கடல் இரையும், பாம்பு சீறும், நோயாளி முனகுவார், பழைய வண்டி கடகடக்கும். கணினிக்குள் சுழலும் விசிறி உள்ளங்கையைவிடச் சற்றே பெரிது. எனினும் இவை ஐந்தையும் எழுப்ப வல்லது. விசிறியைச் செய்து விற்பவர்களோ இவை யாவற்றையும் டெசிபல் என்னும் ஒற்றை எண்ணில் அடக்கிப் பெட்டியின்மேல் அச்சிட்டு விடுகிறார்கள். அவ்வெண்ணை நம்பி விசிறி வாங்கலாமா என்பதே இங்கு நாங்கள் ஆராய முற்பட்ட பொருள்.

சமவெளியில் வாழும் அன்பர்களுக்கு இவ்வாராய்ச்சி வேடிக்கையாகத் தோன்றலாம். அங்கே கூரை மின்விசிறியின் ஓசையில் கணினியின் ஓசை கரைந்துபோகும். நாங்கள் வசிப்பது குன்னூரில். எங்கள் வீட்டில் கூரை விசிறி கிடையாது. அதற்குத் தேவையும் இல்லை. மார்கழி இரவில் சன்னல்களை அடைத்துவிட்டால் சுவர்க் கடிகாரத்தின் துடிப்பு அடுத்த அறைக்குக் கேட்கும். அந்த அமைதியில் கணினி ஒன்று விடிய விடிய உழைத்தால் அது வீட்டில் இன்னொரு ஆள் விழித்திருப்பதற்குச் சமம்.

எங்கள் தொழில் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது. பகலில் வெட்டி ஒட்டியதை இரவில் ரெண்டரிங்கிற்குப் போட்டுவிட்டு உறங்கப் போவோம். கணினி இருப்பது கூடத்தில். அதே கூடத்தில்தான் அம்மாவின் கட்டிலும் இருக்கிறது. எங்களில் ஒருவருக்கு அவர் தாய், மற்றவருக்கு மாமியார். பக்கவாதத்திற்குப் பின் அவர் குரல் மிகவும் தணிந்துவிட்டது. இரவில் தண்ணீர் வேண்டுமென்றாலும், புரண்டு படுக்க உதவி வேண்டுமென்றாலும், அந்தத் தணிந்த குரலால்தான் உள்ளறையில் இருக்கும் எங்களைக் கூப்பிட வேண்டும். கைமணி ஒன்றைத் தலைமாட்டில் வைத்தோம். வலக்கை அதனை எட்டவில்லை. இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் கட்டிலையும் இடம் மாற்ற வழியில்லை, கணினியையும் மாற்ற வழியில்லை. ஆகவே விசிறிகளை மாற்றுவதென்று முடிவு செய்தோம்.

கேபினட்டோடு வந்த பெயரற்ற விசிறிகளுக்கு மாற்றாக இருவகை விசிறிகளை வாங்கி ஒப்பிட்டோம். இரண்டும் 120 மில்லிமீட்டர் அளவின. இரண்டும் ஆஸ்திரியாவின் நாக்துவா நிறுவனத்தார் செய்தவை. முதலாவது என்.எஃப்-எஸ்12ஏ. இரண்டாவது 2018இல் வெளிவந்த என்.எஃப்-ஏ12x25. நிறுவனத்தார் தரும் அளவுகளின்படி முன்னது நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்று மணிக்கு 107.5 கனமீட்டர் காற்றைத் தள்ளும். அப்போது அதன் ஓசை 17.8 டெசிபல். பின்னது 2,000 முறை சுழன்றும் 102.1 கனமீட்டர் காற்றையே தள்ளும், ஓசையோ 22.6 டெசிபல். இவ்வளவோடு நிறுத்தினால் முன்னதை விட்டுப் பின்னதை வாங்குபவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆனால் அட்டவணையில் மூன்றாவது எண் ஒன்றும் உண்டு. அது அழுத்தம். முன்னதற்கு அது 1.19 மில்லிமீட்டர் நீர், பின்னதற்கு 2.34. ஏறக்குறைய இரு மடங்கு. காற்றின் அளவாக அச்சிடப்படும் எண் விசிறிக்கு முன்னும் பின்னும் தடை ஏதுமில்லாதபோது கிடைப்பது. அழுத்தமாக அச்சிடப்படும் எண் வழி முற்றிலும் அடைபட்டு, காற்றே நகராதபோது கிடைப்பது. கணினிக்குள் இயங்கும் விசிறி இவ்விரு நிலைகளிலும் இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. முன்புறத்தில் தூசி வடிகட்டி, செயலியின்மேல் நெருக்கமான அலுமினியத் தகடுகள், பின்புறத்தில் இரும்புச் சல்லடை என ஒவ்வோரிடத்திலும் காற்றை எதிர்ப்பது ஒவ்வொன்று. தடை மிகுந்த இடத்தில், திறந்த வெளியில் கண்ட 107.5 என்னும் எண் விரைவில் சுருங்கிவிடும்.

ஓசையை அளக்க முதலில் கருவியைத் தேடினோம். மலிவான ஒலிமானிகள் 30 டெசிபலுக்குக் கீழே எதையும் சொல்வதில்லை. எனவே எங்கள் காதுகளையே கருவியாக்கினோம். ஒருவர் கூடத்தில், கட்டிலின் அருகே அமர்ந்து, அம்மாவின் குரல் அளவுக்குத் தணிந்து தமிழ் மாதங்களின் பெயர்களை வரிசை மாற்றிச் சொல்வார். மற்றவர் உள்ளறையில் இருந்து கேட்டதை எழுதுவார். விசிறியின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினோம். முதலில் தொலைந்தது சகரம். மாசியும் வைகாசியும் புரட்டாசியும் ஒன்றோடொன்று மயங்கின. அதன்பின் தையும் ஆடியும் காணாமற் போயின. கார்த்திகை மட்டும் கடைசிவரை தாக்குப்பிடித்தது.

இதற்குக் காரணம் உண்டு. விசிறியின் ஓசையில் இரு பகுதிகள் உள்ளன. சுழலும் இறகுகள் ஒவ்வொன்றாகச் சட்டத்தின் குறுக்குக் கம்பிகளைக் கடக்கும்போது எழுவது ரீங்காரம். ஏழு இறகுகள் நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றால் நொடிக்கு 140 அதிர்வுகள். காற்று கிழிபட்டுச் சுழிக்கும்போது எழுவது இரைச்சல். அதில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும். சகரம் போன்ற மெல்லிய மெய்யொலிகளை மூடி மறைப்பது இந்த இரைச்சலே. ரீங்காரம் சொற்களை அவ்வளவாக மறைப்பதில்லை, உறக்கத்தைத்தான் கெடுக்கும். பெட்டியின்மேல் காணும் டெசிபல் எண்ணோ தாழ்ந்த அதிர்வுகளைக் குறைத்தே கணக்கிடுவது; 100 ஹெர்ட்ஸ் ஒலியில் ஏறத்தாழ 19 டெசிபலைக் கழித்துவிடும். ஆகவே எண் சிறிதாயிருந்தும் முனகல் தொல்லை தருவது சாத்தியமே.

இதனை எங்களுக்கு உணர்த்தியவர் அம்மாதான். இரு விசிறிகளை ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடவிட்ட இரவில், "சன்னலண்ட வண்டு வந்து வந்து போவுது பாரு" என்றார். வண்டு ஏதுமில்லை. நிமிடத்திற்குப் பத்துச் சுற்று வேறுபட்டாலே போதும், ஏழிறகு விசிறிகள் இரண்டின் ரீங்காரங்கள் கூடியும் குலைந்தும் நொடிக்கு ஒருமுறைக்குச் சற்று மேலாக ஏறி இறங்கும். சீரான ஓசையைக் காது மறந்துவிடும். ஏறி இறங்கும் ஓசையை மறப்பதில்லை. ஒன்றை 900 சுற்றிலும் மற்றொன்றை 1,100 சுற்றிலும் நிறுத்தியதும் வண்டு பறந்துபோயிற்று.

வேகத்தைக் குறைப்பதன் பயன் நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. சுற்று பாதியானால் காற்றும் பாதியாகும். அழுத்தம் கால் பங்காகும். ஓசை ஏறத்தாழ 15 டெசிபல் தாழும். பத்து டெசிபல் தாழ்ந்தாலே காதுக்குப் பாதியாகத் தோன்றும் என்பர். ஒரேமாதிரியான இரு விசிறிகளைச் சேர்த்து ஓடவிட்டால் கூடும் ஓசை மூன்று டெசிபல்தான். ஆகவே வேகமாகச் சுழலும் ஒன்றினிடத்தில் பாதி வேகத்தில் இரண்டை அமர்த்தினால், தடையற்ற வழியில் அதே காற்று பன்னிரண்டு டெசிபல் குறைந்த ஓசையில் கிடைக்கும்.

அப்படியானால் எவ்வளவு காற்று போதும்? கணினி 150 வாட் வெப்பத்தை உமிழ்கிறது என்றும், உட்புகும் காற்று பத்து டிகிரி சூடேறி வெளியேறலாம் என்றும் கொள்வோம். கடல்மட்டத்தில் மணிக்கு 45 கனமீட்டர் காற்று போதும். குன்னூர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 54 கனமீட்டர் தேவை. மலைக்காற்று வெப்பத்தைச் சுமப்பதில் சற்று இளைத்ததுதான். ஆனால் உட்புகும்போதே அது குளிர்ந்திருப்பதால் அக்குறை தீர்ந்துவிடுகிறது. எப்படிப் பார்த்தாலும் தேவை, பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவில் பாதியே. அதற்கு மேல் தள்ளும் காற்றினால் குளிர்ச்சி சிறிதே கூடும். ஓசையோ வெகுவாகக் கூடும்.

முடிவில் எங்கள் ஏற்பாடு இவ்வாறு அமைந்தது. வடிகட்டிக்குப் பின்னும் செயலியின் தகடுகளின்மேலும் அழுத்தம் மிகுந்த ஏ12x25. அவ்விடங்களில் அதே வெப்பநிலைக்கு எஸ்12ஏ-யைவிட அதுவே அடங்கி ஒலித்தது. அதன் இறகு முனைக்கும் சட்டத்திற்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்தான். தள்ளிய காற்று அவ்வழியே திரும்பி ஒழுகுவது குறைவு. பின்புறத்தில் எஸ்12ஏ. அங்கிருந்த துளைத்தகட்டை வெட்டியெடுத்துக் கம்பிவலை பொருத்தியதும் காற்றின் வழி திறந்தது. திறந்த வழியில் எஸ்12ஏ-க்கு நிகரில்லை. திருகாணிகளுக்குப் பதிலாக ரப்பர் முளைகளில் தொங்கவிட்டதால் கேபினட்டின் தகரமும் அதிர்வதை நிறுத்திற்று.

மறுபடியும் மாதங்களைச் சொல்லிப் பார்த்தோம். ரெண்டரிங் ஓடிக்கொண்டிருக்கையிலேயே பன்னிரண்டும் உள்ளறைக்குத் தெளிவாக வந்து சேர்ந்தன. வேலை முடிய முன்னைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகின்றன. செயலியும் சில டிகிரி கூடுதலாகச் சூடேறுகிறது. இரண்டும் எங்களுக்கு இழப்பல்ல. அம்மா இப்போது இருமினால் எங்களில் ஒருவராவது விழித்துக்கொள்கிறோம்.

விசிறி வாங்கச் செல்லும் அன்பர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. எத்தனை டெசிபல் என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன், அவ்விசிறியின் காற்று உங்கள் கணினியில் எதையெல்லாம் கடந்து போக வேண்டியிருக்கிறது என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். வடிகட்டியில் ஓராண்டுத் தூசி படிந்திருந்தால் அதை முதலில் துடைத்துவிடுங்கள். புதிய விசிறியே வேண்டாமென்று ஆனாலும் ஆகலாம்.