பனி விழாத மார்கழி

இன்னைக்குக் காலையில வரப்புல நடந்தேன், கால் நனையல. பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம்தான். மார்கழிக் கடைசியில புல்லு நுனியில பனி சொட்டணும். காஞ்சு கிடந்துச்சு. எனக்கு உடனே 2021 ஜனவரி ஞாபகம் வந்துடுச்சு.

"கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை"ம்பாங்க. எங்க டெல்டாவுல சம்பா அறுப்புக் கணக்கே அதை வச்சுத்தான். தீபம் முடிஞ்சா மழை ஓயும், பனி இறங்கும், தையில அறுத்துடலாம்.

அந்த வருசம் ஆறு மாவுல பொன்மணி நின்னுச்சு. கதிர் முக்கால்வாசி பழுத்திருந்துச்சு. அப்பா மட்டும் தினம் விடியக்காலையில வரப்புக்குப் போய்ட்டு வந்து, "பனி எறங்கலடா தம்பி. எறும்பு வேற முட்டையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போவுது. அறுத்துடு"ன்னார். நான் அந்தக் கர்ணன் கதையை அவருக்கே சொன்னேன். ஈரநெல்லை அறுத்தா கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டாங்க, 17 சதவீதம்தான் ஈரப்பதம் இருக்கணும். பொங்கல் கழியட்டும்னு இருந்துட்டேன்.

பிடிச்ச மழை விடல. பயிர் சாஞ்சு தண்ணியில படுத்துச்சு, கதிர்லயே முளை விட்டுச்சு. அந்தப் பொங்கலுக்குப் பச்சரிசியைக் கடையில வாங்கினோம். அப்பா ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் இன்னும் வலிக்குது.

பின்னால யோசிச்சுப் பார்த்தா அவர் சொன்னதுல மாயம் ஒண்ணுமில்ல. ராத்திரி வானம் தெளிவா இருந்தா தரையோட சூடு மேல போயிடும், தரை குளிரும், பனி படியும். மேகம் மூடியிருந்தா அந்தச் சூடு வெளியே போகாது. பனி இல்லன்னா மேகம் இன்னும் கலையலன்னு அர்த்தம். காத்து வீசினாலும் பனி படியாதுதான், அதனால இதை மட்டும் வச்சு முடிவெடுக்க முடியாது. ஆனா சொலவடை பல வருசத்துச் சராசரியைச் சொல்லுது. புல்லு நேத்து ராத்திரியைச் சொல்லுது. சராசரி பொய்யாகிற வருசத்துல நமக்குத் துணை புல்லுதான். நகரத்துல இருக்கிற உங்களுக்கு செல்போன் மாவட்டத்துக்கே வானிலை சொல்லும். என் வயலுக்கு நான்தான் குனிஞ்சு பார்க்கணும்.

வீட்டுக்கு வந்து, "அப்பா, பனி இல்ல"ன்னேன். திண்ணையில உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "மிஷின்காரனுக்குப் போன் போட்டியா?"

போட்டுட்டேன். நாளைக்குக் காலையில செயின் மிஷின் வருது.