அகமும் அம்பலமும்

தில்லையில் தமிழ் பயின்ற எனக்கு 'அம்பலம்' என்னும் சொல் இளமை முதலே பழக்கமானது. கூத்தப்பெருமான் ஆடும் மன்றுக்கும் அதுவே பெயர். பலரும் கூடும் பொதுவிடத்துக்கும் அதுவே பெயர். வீட்டுச் செய்தி வெளிப்பட்டுவிட்டால் 'அம்பலத்துக்கு வந்துவிட்டது' என்கிறோம். முன்னாளில் திண்ணையும் குளத்தங்கரையும் அதற்கு வழியாயின. இந்நாளில் கைப்பேசி ஒன்றே போதும். காலையில் உண்ட இட்டிலி, மாலையில் நேர்ந்த பிணக்கு, பிறந்த மகவு, மறைந்த பாட்டி யாவும் இணையத்தில் ஏறிவிடுகின்றன. (படம் பிடித்து முடிப்பதற்குள் இட்டிலி ஆறிவிடுமே என்பது என் கவலை.)

மாணவர்களே! இதனை இக்காலத்தார் கண்டுபிடித்த வழக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். கெடில நதிக் கரையிலுள்ள திருவதிகையில், 7ஆம் நூற்றாண்டில், சூலைநோயால் துடித்த திருநாவுக்கரசர் தம் வயிற்று வலியையே பாட்டாகப் பாடினார். அது தனி ஒருவர் பட்ட நோய். ஆயினும் 1,300 ஆண்டுகள் கடந்த பின்னும், நோயுற்றோர் பலர் அப்பதிகத்தைத் தம் முறையீடாகவே ஓதுகின்றனர்.

சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் 1924 முதல் 1927 வரை தலைவராக விளங்கிய உ. வே. சாமிநாதையர், 1940இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். தம் இளமை வறுமையை அவர் மறைத்தாரல்லர். ஆயினும் அதனைப் படிக்கும்போது, அவரைக் காட்டிலும் அவர்தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே என் மனக்கண்முன் நிற்கிறார். 1942இல் ஐயர் மறைந்தபோது அந்நூல் முற்றுப்பெறவில்லை.

காதலினும் மறைவான செய்தி வேறு யாது? அதனையே சங்கப் புலவர் ஊரறியப் பாடினர். ஆனால் அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியர் விதித்தார். நெடுநல்வாடையில் தலைவன் பெயரும் இல்லை. தலைவி பெயரும் இல்லை. வேலின் தலையில் கட்டிய வேம்பு, பாண்டியனைக் குறிப்பாற் காட்டிவிட்டது. அதனால் அதனைப் புறம் என்றே கொண்டார் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பந்தழைக்கு இத்துணைக் கண்டிப்பு! கேட்டவர் அவ்வுள்ளத்தின் தவிப்பை முழுதும் உணர்ந்தனர். இன்னார் வீட்டுச் செய்தி என்று கைநீட்ட மட்டும் வழியில்லை. கைப்பேசியிலோ முகமும் பெயருமே முன்னால் வந்து நிற்கின்றன.

இப்பொழுது நான் வாழும் கடலூரில், என் பழைய மாணவன் ஒருவன், மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்த தன் தந்தையைப் படமெடுத்து இணையத்தில் வெளியிட்டான். "ஏனப்பா?" என்று வினவினேன்.

"இரவெல்லாம் தனியே விழித்திருந்தேன், ஐயா. படத்தைக் கண்டு பலர் ஆறுதல் சொன்னார்கள். பக்கத்தில் யாரோ அமர்ந்திருப்பதுபோல் இருந்தது" என்றான்.

அச்சொல்லில் பொய்யில்லை. துன்பத்தைக் கேட்க ஒரு செவி வேண்டும். அருகில் கிடையாதபோது தொலைவில் தேடுகிறோம். அவன் தனிமையைச் சொல்ல அவனுக்கு உரிமையுண்டு. ஆனால் அவன் காட்டியது தந்தையின் உடம்பை. அவரை ஒருவரும் கேட்கவில்லை.

தந்தையார் நலம்பெற்று வீடு திரும்பினார். நாள்தோறும் கடைத்தெருவுக்குச் சென்று வந்தவர், "அந்தக் கோலத்திலா என்னை எல்லாரும் பார்த்தார்கள்?" என்று கேட்டுவிட்டு வாயிற்படி தாண்டாமல் இருந்தார். மகன் படத்தை நீக்கினான். அதற்குள் அது எத்தனை கைப்பேசிகளுக்குச் சென்றுவிட்டது என்பதை அவனாலும் சொல்ல இயலவில்லை.