சத்தம் கேட்கிறது, வார்த்தை கேட்கவில்லை

பெங்களூரில் எங்கள் வீட்டு முன்னறையில் மரத்தாலான பெரிய கூம்பு ஒன்று நிற்கிறது. நீளம் 84 சென்டிமீட்டர். வாயின் அகலம் 54 சென்டிமீட்டர். ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துத் திகைப்பார்கள். எக்காளமா என்று கேட்டவர்களும் உண்டு. என் மனைவி அதற்குப் 'பெரியவாயன்' என்று பெயரிட்டிருக்கிறாள். அது ஓர் ஒலிபெருக்கி. அதை நானே செய்தேன். ஏன் செய்தேன் என்று சொல்லப்போனால் என் குறை ஒன்றையும் இங்கே அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

என் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையில் மைக் செட் வைத்துப் பிழைத்தவர். இரட்சிக்கப்பட்ட பின்பு சினிமாப் பாட்டுக் கேட்கும் வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார், வருமானம் பாதியாயிற்று. கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் பனைமரத்தில் ஏறிக் கூம்பு கட்டுவது சிறுவயதில் என் வேலை. 1989ஆம் ஆண்டு நான் பெங்களூருக்குப் பிழைக்க வந்து, லேத் பட்டறையில் சேர்ந்தேன். சபையில் ஒலி மேஜை என் பொறுப்பாயிற்று. மைக் செட்காரர் மகன் என்பதே என் தகுதி.

சபை வளர வளர ஒலிப்பெட்டிகளும் வளர்ந்தன. இரண்டு நான்காயிற்று, ஐந்நூறு வாட்டு இரண்டாயிரமாயிற்று. சுவர் அதிர்ந்தால் ஆராதனை பலமாயிருந்தது என்று எண்ணினோம். சென்னை மாதவரம் நெடுஞ்சாலையிலிருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபையின் வழக்கில், பிறருடைய அமைதியைக் குலைத்து ஜெபிக்க எந்த மார்க்கமும் கட்டளையிடவில்லை என்ற கருத்தில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வைத்தன. இவற்றையெல்லாம் நான் அறிவேன். எங்கள் மண்டபத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் இருமுறை வந்து தயவாய்க் கேட்டார். அவருடைய இருதயம் இளகும்படி ஜெபித்தோம், குமிழைக் குறைக்கவில்லை.

2019ஆம் ஆண்டு என் தாயார் ஊரைவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். அப்போது வயது 79. ஒலிப்பெட்டிக்கு அருகே, முன்வரிசையில் உட்காரவைத்தேன். சில வாரம் சென்று, வீடு திரும்பும் வழியில், "தம்பி, சத்தம் கேட்கிறது, வார்த்தை கேட்கவில்லை" என்றார்.

காதுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தோம். வீட்டில் உதவிற்று, மண்டபத்தில் அதுவும் இரைச்சலையே பெருக்கித் தந்தது. முதுமையில் செவி முதலாவது இழப்பது உயர்ந்த சுருதிகளை. உயிரெழுத்தின் ஓசை கீழே தங்கிச் சத்தத்தைத் தருகிறது; ச, த, ப போன்ற மெய்களை அடையாளங்காட்டும் நுண்ணிய ஒலிகள் பெரும்பாலும் மேலே இருக்கின்றன. சத்தத்தைக் கூட்டினால் உயிர் முழங்கும், மெய் அதற்குள் அமிழ்ந்துபோகும். சுவர்களில் மோதித் திரும்பும் ஒலியும் சேர்ந்தால், பிரசங்கம் தூரத்து இடிபோல ஆகிவிடும். இருபது வருஷத்துக்கும் மேலாக ஒலி மேஜையில் இருந்த நான், பெற்ற தாய்க்கு ஒரு வசனத்தைக்கூடக் கேட்கப்பண்ண முடியாதவனாயிருந்தேன்.

2020 ஊரடங்கில் மண்டபம் பூட்டப்பட்டது. அப்போதுதான் தகப்பனாருடைய பழைய பெட்டியைத் திறந்தேன். அதில் ஒரு ஹாரன் யூனிட் இருந்தது. டயாஃப்ரம் கிழிந்திருந்தது, கடைகள் திறந்தபின் எஸ்.பி. ரோட்டில் புதிதாக வாங்கி மாற்றினேன்.

கூம்பு ஒலிபெருக்கி என்றாலே காதைக் கிழிக்கும் தகரக் குழாய் என்று நினைக்கிறோம். அது கூம்பின் குற்றமன்று. ஊர்க் குழாயின் வாய் சிறியது; ஆகவே மனிதக் குரலின் அடிப்பகுதியை அதனால் ஏந்த முடியாது, குரல் மூக்கால் பேசுவதுபோல் வரும். போதாததற்கு அதை முழுபலத்தில் அலறவிடுகிறோம். உண்மையில் கூம்பின் வேலை அலறுவதன்று. சிறிய டயாஃப்ரம் வெட்டவெளிக் காற்றைத் தள்ளும்போது காற்று பிடிகொடுக்காமல் நழுவிவிடும். கூம்பின் குறுகிய கழுத்தில் காற்று அதற்குப் பிடிகொடுக்கிறது. பிறகு படிப்படியாக விரிந்து வெளிக்காற்றோடு கலக்கிறது. வீட்டில் வைக்கும் சாதாரணப் பெட்டி, ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் அளவில் ஒலிக்கும். நல்ல கூம்பு 105ஐ எட்டும். அதாவது அறுபது மடங்கு மின்சாரம் மிச்சம். 1920களின் இறுதியில் பேசும்படம் வந்தபோது, பத்துப் பதினைந்து வாட்டைக்கொண்டு பெரிய கொட்டகைகளை நிரப்பியவை இத்தகைய கூம்புகளே. அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் என்பவர் வீட்டு அறையின் மூலையையே கூம்பின் தொடர்ச்சியாக்கி, 1946 முதல் ஒலிபெருக்கி செய்து விற்றார். அவருடைய ஊரின் பெயர் ஹோப். நம்பிக்கை என்று பொருள். எனக்கு அது பிடித்திருந்தது.

கணக்கு எளியதுதான். 200 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் கூம்புக்கு, ஒவ்வொரு 19 சென்டிமீட்டருக்கும் விட்டம் இரட்டிப்பாக வேண்டும்: கழுத்தில் இரண்டரை, பின் ஐந்து, பத்து, இருபது, நாற்பது. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 70 வளையங்கள் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, உள்ளே மக்கு வைத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முதல் கூம்பு வீணாயிற்று. மழைக்காலத்தில் பசை காயுமுன் அவசரப்பட்டு நிமிர்த்தினேன், நடுவில் பிளந்துகொண்டது. வீடெங்கும் மரத்தூள். "ஜெபிக்க முழங்கால்படியிட இடமில்லை. இது என்ன, வீட்டுக்குள்ளே பாகாலா?" என்று மனைவி கேட்டாள். அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. அந்நாட்களில் வேத வாசிப்புக்கு முன்பே வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது மெய். இரண்டு வாரம் அதைத் தொடாமல், துணிபோட்டு மூடிவைத்தேன்.

பின்பு தொடங்கியது நிதானமாக நடந்தது. 400 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஓசைக்கு, அறை மூலையில் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்தேன். ஜோடியாக இரண்டு கூம்பு வேண்டும் என்பார்கள் ரசிகர்கள். நான் கேட்பிக்க விரும்பியது ஒரு குரல், அதற்கு ஒன்றே போதும்.

2021 டிசம்பரில் ஒரு மாலை, தாயாரைக் கூம்புக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்தேன். 1994ஆம் ஆண்டு கன்வென்ஷனில் பதிவான கேசட் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் தகப்பனார் மைக்கைச் சோதித்துவிட்டு ஐந்து நிமிடம் சாட்சி சொல்வார். 1998இல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதற்குப்பின் தாயார் அதைக் கேட்டதில்லை. காது கேளாதவர் என்று எண்ணிக் குமிழை நன்றாகத் திருப்பி வைத்தேன்.

குரல் வந்தது. தாயார் கையை உயர்த்தினார். "குறை, தம்பி. அவர் இவ்வளவு சத்தமாகப் பேசமாட்டார்."

குறைத்தேன். "இன்னும்" என்றார். நாம் இருவர் பேசிக்கொள்ளும் அளவுக்கு வந்தது. அந்த அளவில் யூனிட்டுக்குப் போகும் மின்சாரம் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. கூம்பு ஒலியைச் சுவருக்குச் சிதறவிடாமல் நேரே அனுப்புகிறது. ஆகையால் மெய்யெழுத்துகள் தேயாமல் வந்து சேர்ந்தன. தாயார் கண்களை மூடிக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல உதடுகளை அசைத்தார். நடுவே, "இந்த இடத்தில் இருமினார், கேட்டாயா?" என்றார். நான் கவனிக்கவில்லை. நாடாவைப் பின்னால் ஓட்டிக் கேட்டேன்; இருமல் இருந்தது. எலியா ஓரேபில் பெருங்காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் அக்கினிக்கும் பிறகு கேட்டதைப்பற்றி எத்தனையோ பிரசங்கங்களுக்கு நான் மைக் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

சபையில் போதகரிடம் பேசி, நான்கு பெட்டிகளில் இரண்டை எடுத்துவிட்டேன். மற்றவற்றை உயர்த்திக் கட்டி, சுவரை நோக்காமல் ஜனங்களை நோக்கச் சாய்த்தேன். ஒலியைப் பாதியிலும் குறைத்தேன். அபிஷேகம் குறைந்துவிட்டது என்று வாலிபர் சிலர் வருந்தினார்கள். போதகர் ஒருமாதம் பார்ப்போம் என்றார். அந்த ஒருமாதம் இன்னும் முடியவில்லை. அடுத்த வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் 2018லேயே வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டாராம். எங்கே என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

தாயார் இப்போது மூன்றாம் வரிசையில் உட்காருகிறார். பிரசங்கம் நீளம் என்றும், போதகர் போன மாதம் சொன்ன உதாரணத்தையே மறுபடியும் சொன்னார் என்றும் வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டு வருகிறார்.