சொந்த வண்டி



நம்ம நாமக்கல்லில் லாரி நிக்காத ரோடு உண்டா? கிளீனராகப் போய், டிரைவராகி, ஒருநாள் சொந்த வண்டி எடுப்பது இங்கே பலருடைய கனவு. டிரைவரான என் அப்பாவுக்கும் அதே கனவுதான். இதே மாதிரி கனவு கண்ட ஒருவனின் கதையைத் தமிழய்யா வகுப்பில் சொன்னார். சீன எழுத்தாளர் லாவோ ஷெ 1936-37இல் எழுதிய நாவல் அது. பெயர் 'ஒட்டக ஷியாங்ஸு'.

ஷியாங்ஸு கிராமத்திலிருந்து பிழைப்புக்காக இன்றைய பெய்ஜிங் நகரத்துக்கு வந்து கைரிக்‌ஷா இழுப்பவன். வாயைக் கட்டி வயித்தைக் கட்டி மூன்று வருசம் காசு சேர்த்துச் சொந்த ரிக்‌ஷா வாங்குகிறான். பட்டாளத்துக்காரர்கள் அவனையும் வண்டியையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மூன்று ஒட்டகங்களோடு தப்பி வருகிறான். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். மறுபடி சேர்த்த காசை ஒரு உளவுப் போலீஸ்காரன் மிரட்டிப் பிடுங்குகிறான். மூன்றாவதாக, மனைவியின் பணத்தில் வண்டி வாங்குகிறார்கள். அவள் பிரசவத்தில் இறந்துபோக, அடக்கம் செய்ய அதையும் விற்கிறான். கடைசியில் உழைப்பின் மேலேயே அவனுக்கு நம்பிக்கை விட்டுப்போகிறது.

லோடு இறக்கிவிட்டு வந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"கடைசீல வண்டி எடுத்தானா கண்ணு?" என்று கேட்டார்.

"இல்லீங்கப்பா."

"அவன் மேல ஒரு தப்பும் இல்லியே!" என்றார்.

1945இல் ஆங்கிலத்தில் வந்தபோது முடிவைச் சந்தோசமாக மாற்றிவிட்டார்களாம். அந்த முடிவைச் சொல்லியிருந்தால் அப்பா சிரித்திருப்பார். ஆனால் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்.

இதற்குச் சீனா வரை போக வேண்டியதில்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரரான பெருமாள்முருகன் 1993இல் எழுதிய 'நிழல்முற்றம்' நாவலை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். அதில் சத்திவேல் சினிமா தியேட்டரில் சோடா விற்கும் பையன். கூலியோ சொற்பம். இடைவேளையில் சோடா குடிக்கிற நாம், அதைக் கொண்டுவந்த பையன் ராத்திரி எங்கே படுப்பான் என்று கேட்டிருக்கோமா?

'உழைப்பே உயர்வு தரும்' என்று சுவரில் எழுதுகிறோம். அது பொய்யில்லை; ஆனால் பாதிதான். உழைத்துச் சேர்த்ததை யாரும் பிடுங்காமல் இருக்க வேண்டும். நோய் வந்தால் வண்டியை விற்காமல் வைத்தியம் பார்க்க முடிய வேண்டும். தமிழ்நாட்டில் 1973இல் கைரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்கு அரசு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. ஒரு தனி ரிக்‌ஷாக்காரர் எவ்வளவு வேர்வை சிந்தினாலும் அதைச் செய்திருக்க முடியாது.

அப்பா இந்த வருசம் பைனான்ஸில் வண்டி எடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். "டியூ தவறினா வண்டியத் தூக்கிட்டுப் போயிருவாங்களே" என்று அம்மாவுக்குப் பயம். எனக்கும்தான். எடுக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது.

நண்பர்களே, "உழைக்காததால்தான் ஏழை" என்று யாராவது சொன்னால், ஷியாங்ஸுவையும் சத்திவேலையும் ஒரு நிமிசம் நினைச்சுப் பாருங்க!

– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்